கார் ஷோரூம் வெளிவிளக்குகளை மாற்றப் போகிறோம்: மின்செலவும் குறைய வேண்டும், வண்டிகளும் பத்திரமாக இருக்க வேண்டும்

#1 முற்றவெளி

வணக்கம். ஒரு கார் விற்பனை நிலையத்தில் யார்டு முழுவதும் என் பொறுப்பு. திறந்தவெளியில் ஏறக்குறைய 180 வண்டிகள் நிற்கின்றன. 9 மீட்டர் உயரத்தில் 14 கம்பங்கள், அவற்றில் 24 ஃபிட்டிங்குகள். எல்லாமே 1,000 வாட் மெட்டல் ஹாலைடு. போட்டு 12 வருடம் ஆகிறது.

போன மாதம் ஒருநாள் இரவு ஒரு மணி வாக்கில் மின்சாரம் சில நொடிகள் போய் வந்தது. ஆபீசில் எல்லாம் உடனே எரிந்தது, யார்டு விளக்குகள் மட்டும் வரவில்லை. கால் மணி நேரம் முழு இருட்டு. காலையில் பார்த்தால் பின்பக்கம் நின்ற இரண்டு வேன்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கேமரா பதிவில் கருப்புத் திரையும் நடுவில் அசைகிற ஒரு டார்ச் வெளிச்சமும் மட்டும்தான். காவலுக்கு இருந்தவர் அப்போது முன்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தார். பல வருடமாக எங்களோடு இருப்பவர். தன் தவறோ என்று அவர் இன்னும் வருத்தப்படுகிறார்.

முதலாளி எல்லாவற்றையும் எல்இடி ஆக்கிவிடலாம் என்கிறார். ஒரு விலைப்பட்டியலும் வந்திருக்கிறது: 24 பழைய ஃபிட்டிங்குக்கு 24 புதியது, ஒவ்வொன்றும் 500 வாட், ஒளியின் நிறம் 6,500 கெல்வின். "இப்போது இருப்பதைப் போல இரண்டு மடங்கு வெளிச்சம்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இது சரியான வழிதானா? மின்செலவு உண்மையில் எவ்வளவு குறையும்? வெளிச்சம் கூடினால் திருட்டு நிற்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 கம்பத்தடி

தம்பி, முதலில் அந்தக் காவல்காரரிடம் சொல்லுங்கள், அவர் மேல் தவறு இல்லை. மெட்டல் ஹாலைடு விளக்கின் குணமே அதுதான். உள்ளே இருக்கும் சிறு குழாயில் பாதரச ஆவியும் உலோக உப்புகளும் பெரிய அழுத்தத்தில் இருக்கும். சூடாக இருக்கும்போது அணைந்துவிட்டால், அந்த அழுத்தத்தை மீறி மறுபடி பற்றவைக்கிற அளவு வோல்டேஜை மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சாதாரண சோக்கும் பற்றவைக்கும் இக்னைட்டரும் கொடுக்காது. குழாய் ஆற வேண்டும். அதற்கு 10 முதல் 20 நிமிடம். பற்றிய பிறகும் முழு வெளிச்சத்துக்கு வரச் சில நிமிடம். மின்சாரம் கண்சிமிட்டினாலே போதும், யார்டு இருண்டுவிடும்.

எல்இடி மின்சாரம் வந்ததும் எரியும். அந்த ஒரு காரணத்துக்காகவே நீங்கள் மாற வேண்டும். ஆனால் அதுவும் மின்சாரம் இருந்தால்தான் எரியும் என்பதை மறக்க வேண்டாம். பின்பக்கத்திலும் நுழைவாயிலிலும் நாலு ஃபிட்டிங்கை மட்டும் தனி வயரில் எடுத்து யூபிஎஸ்ஸில் போடுங்கள். முழு யார்டும் வேண்டாம். கேமரா பதிவுப்பெட்டியும் அதே யூபிஎஸ்ஸில் இருக்கட்டும்.

விலைப்பட்டியலில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். "இரண்டு மடங்கு" என்றால் எதைப்போல இரண்டு மடங்கு? மெட்டல் ஹாலைடு வயதாக ஆக மங்கும். ஆயுளின் கடைசியில் புதிதில் கொடுத்ததில் 60 சதவீதம் கொடுத்தாலே பெரிது. கண்ணாடியில் படிந்த தூசி தனி. இன்று மங்கிக் கிடக்கும் விளக்கோடு ஒப்பிட்டால் எதுவும் இரண்டு மடங்காகத்தான் தெரியும்.

ஒரு இடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் லக்ஸ் மீட்டர் ஒன்றை இரவல் வாங்குங்கள். போன் செயலி வேண்டாம், போனுக்குப் போன் வேறு வேறு எண் காட்டும். இரவில் எல்லா விளக்கும் எரியும்போது யார்டை 5 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு இடத்திலும் தரையில் ஒன்று, 1.5 மீட்டர் உயரத்தில் ஆளின் முகம் போல மீட்டரும் பக்கவாட்டில் பார்க்கும்படி நிமிர்த்திப் பிடித்து ஒன்று எனக் குறியுங்கள். ஒரு இரவு வேலை. அது இல்லாமல் நாங்கள் சொல்வதெல்லாம் ஊகம்.

#3 கணக்குப்புள்ளி

அளவு வரும்வரை மின்சாரக் கணக்கை மட்டும் பார்ப்போம். விலை ஊருக்கு ஊர் மாறும், அதனால் யூனிட்டிலேயே சொல்கிறேன்.

1,000 வாட் என்பது விளக்குக்கு மட்டும். சோக்கையும் சேர்த்தால் ஒரு ஃபிட்டிங் ஏறக்குறைய 1,080 வாட் இழுக்கும். 24 ஃபிட்டிங் என்றால் 25.92 கிலோவாட். அந்தி முதல் விடியல் வரை எரிவதை வருடத்துக்கு 4,380 மணிநேரம் என்று வைத்துக்கொள்ளலாம், அதாவது வருடத்தில் சரிபாதி. பெருக்கினால் 1,13,530 யூனிட்.

விலைப்பட்டியலில் உள்ளபடி 500 வாட் போட்டால் 12 கிலோவாட், 52,560 யூனிட். பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது என்று எல்லோரும் மகிழ்வார்கள். ஆனால் 9 மீட்டர் கம்பத்தில் 350 வாட் போதும் என்று அளவு சொன்னால் 8.4 கிலோவாட், 36,792 யூனிட். அதிலும் வாடிக்கையாளர் இருக்கும் 5 மணிநேரம் முழு வெளிச்சம், மீதி 7 மணிநேரம் 30 சதவீதம் என்று வைத்தால் ஏறக்குறைய 21,770 யூனிட்தான்.

1,13,530 எங்கே, 21,770 எங்கே! விளக்கை மாற்றியதில் கிடைக்கும் சேமிப்பைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பூட்டிய பிறகு யாருக்காக முழு வெளிச்சம் எரிகிறது என்று கேட்பதில்லை. மெட்டல் ஹாலைடில் அந்தக் கேள்வியைக் கேட்டும் பயனில்லை, அதை நினைத்தபோது குறைத்துக் கூட்ட முடியாது. எல்இடியில் முடியும்.

அப்புறம் பராமரிப்புச் செலவையும் எழுதிப் பாருங்கள். விளக்கு, சோக், இக்னைட்டர், ஒவ்வொரு முறையும் பூம் லிஃப்ட் வாடகை, லிஃப்ட் வர வழிவிட்டு வண்டிகளை நகர்த்துகிற ஆட்களின் நேரம். பழைய விளக்குகளில் பாதரசம் இருப்பதால் கழற்றியதைக் குப்பையில் போடக்கூடாது, முறையாகச் சேகரிப்பவரிடம் கொடுக்க வேண்டும். அந்தச் செலவையும் ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

#4 வண்ணக்கலவை

நான் விளக்குக்காரன் இல்லை, கார் பெயின்ட் வேலை. 6,500 கெல்வின் என்று பார்த்ததும் எழுதத் தோன்றியது.

கார் என்பது சுவர் மாதிரி இல்லை. மேலே இருக்கும் கிளியர் கோட் கண்ணாடி போல. கறுப்பு வண்டி மேல் எவ்வளவு வெளிச்சம் கொட்டினாலும் கண்ணுக்குத் தெரிவது வண்டி அல்ல, அதில் பிரதிபலிக்கிற விளக்குதான். எல்இடி சிறு சிறு புள்ளிகளாக இருந்தால் பானெட் முழுக்க ஊசிமுனை மாதிரி மின்னும். பார்ப்பவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். ஒளி கொஞ்சம் பரவலாக, மேலிருந்து நேராக இல்லாமல் முன்னாலிருந்து சாய்வாக வந்து பக்கவாட்டுக் கதவுகளில் விழுந்தால்தான் வண்டியின் வடிவம் தெரியும்.

நிறம் இன்னொரு விஷயம். கெல்வின் எண் கூடக் கூட வெளிச்சம் நீலம் பாயும். 6,500-இல் வெள்ளை வண்டி நீலம் பாய்ந்து தெரியும். சிவப்பு செத்துப்போகும். மெரூன் பழுப்பாகும். மாலை ஏழு மணிக்கு ஒரு குடும்பம் நிறம் பார்த்து முன்பணம் கட்டிவிட்டுப் பகலில் வண்டி எடுக்க வந்து "இது நாங்கள் பார்த்த நிறம் இல்லையே" என்று நின்றதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொன்னது உண்மை. விளக்குதான் வேறு நிறம் காட்டியது.

4,000 கெல்வின் கேளுங்கள். சிஆர்ஐ, அதாவது நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்று சொல்லும் எண், 80-க்குக் குறையக்கூடாது. பழைய சோடியம் விளக்கில் அந்த எண் 20, 25 அளவில்தான் இருந்தது, அதனால்தான் அதன் கீழே எல்லா வண்டியும் ஒரே மாதிரி தெரிந்தது.

#5 முற்றவெளி

எல்லோருக்கும் நன்றி. மீட்டர் வெள்ளிக்கிழமை கிடைக்கும், அளந்துவிடுகிறேன். முதலாளியிடம் 30 சதவீதம் என்று சொன்னேன். "திருட்டு நடந்த பிறகு விளக்கைக் குறைப்பதா?" என்றார். அவர் கேட்பது நியாயமாகத்தான் படுகிறது. பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் யாராவது சொல்ல முடியுமா?

#6 காவல்கண்

சார், நான் கேமரா பொருத்துகிறவன். இந்த மாதிரி யார்டுகளில் இரவுப் பதிவைப் போட்டுப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. அளவுக்கு மீறிய வெளிச்சத்தால் கெட்டுப்போன பதிவுகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

கேமராவின் பார்வைக்குள் ஒரு பிரகாசமான ஃபிட்டிங் தெரிந்தால் கேமரா அதற்கேற்பத் தன் எக்ஸ்போஷரைக் குறைத்துக்கொள்ளும். ஃபிட்டிங் நன்றாகத் தெரியும், கீழே நிற்கும் ஆள் கரிய உருவமாக இருப்பான். பின்னால் வெளிச்சம், முன்னால் முகம் என்றாலும் அதே கதை. ஆளைக் கண்டுபிடிக்க முகத்தின் மேல் ஒளி விழ வேண்டும், அதனால்தான் கம்பத்தடி அண்ணன் மீட்டரை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார். தரையில் 100 லக்ஸ் இருந்து முகத்தில் 2 லக்ஸ் இருந்தால் எனக்குத் தொப்பிதான் தெரியும்.

மங்கவைக்கும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். எல்இடிக்கு மின்சாரத்தைக் கொடுத்துக் கட்டுப்படுத்தும் பகுதியை டிரைவர் என்பார்கள். சில மலிவான டிரைவர்கள் ஒளியைக் குறைப்பதற்குப் பதிலாக வேகமாக அணைத்து அணைத்து எரிய வைக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கேமராப் படத்தில் பட்டை பட்டையாக ஓடும், வண்டி எண் படிக்க முடியாது. மின்னோட்டத்தையே குறைத்து மங்கவைக்கும் டிரைவர் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். இன்னொன்று, வெளிச்சம் ஓர் அளவுக்குக் கீழே போனால் கேமரா வண்ணத்திலிருந்து கறுப்பு வெள்ளைக்கு மாறும். உங்கள் 30 சதவீதம் சரியாக அந்த எல்லையில் உட்கார்ந்தால் இரவு முழுக்க மாறி மாறித் தவிக்கும். கேமராவைப் பார்த்துக்கொண்டே விளக்கின் அளவை முடிவு செய்ய வேண்டும். விளக்குக்காரரும் கேமராக்காரரும் ஒரே இரவில் யார்டில் நிற்க வேண்டும். இது பெரும்பாலும் நடப்பதே இல்லை.

முதலாளி கேட்டதற்கு என் பதில் இது. எப்போதும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும் யார்டில் என்ன நடந்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 30 சதவீதத்தில் இருந்த ஒரு மூலை திடீரென முழு வெளிச்சத்துக்கு வந்தால் காவல்காரர் திரும்புவார், தெருவில் போகிறவரும் திரும்புவார், உள்ளே வந்தவனுக்கும் தான் தெரிந்துவிட்டோம் என்று புரியும்.

#7 விண்மீன்நேரம்

நான் இதில் வேறு பக்கத்தில் நிற்பவன். வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு கார் ஷோரூம். மூன்று வருடத்துக்கு முன் விளக்கை மாற்றினார்கள். அன்றிலிருந்து என் அம்மாவின் படுக்கையறைச் சுவரில் இரவு முழுக்கச் சன்னல் கம்பிகளின் நிழல் விழுகிறது. தடித்த திரை போட்டோம். வெயில் காலத்தில் சன்னலைத் திறக்கவும் முடியவில்லை. தொலைநோக்கியை மொட்டை மாடியிலிருந்து இறக்கிவிட்டேன்.

யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. அவர்களிடம் போய்ப் பேசியபோது, வெளிச்சம் வேலிக்கு வெளியே போகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது என்றுதான் புரிந்தது. வேலிக்கு வெளியே விழுகிற ஒவ்வொரு லூமன் ஒளிக்கும் அவர்கள்தான் மின்கட்டணம் கட்டுகிறார்கள்.

2020-இல் இரவு வானத்தின் இருளைக் காக்கப் பாடுபடும் டார்க்ஸ்கை அமைப்பும் ஐஇஎஸ் என்ற ஒளியமைப்புப் பொறியாளர் சங்கமும் சேர்ந்து ஐந்து கொள்கைகளை வெளியிட்டன. விளக்கு தேவைக்காக இருக்க வேண்டும், வேண்டிய இடத்தில் மட்டும் விழ வேண்டும், தேவைக்கு மேல் பிரகாசம் கூடாது, வேண்டியபோது மட்டும் எரிய வேண்டும், முடிந்தவரை நீலம் குறைந்த நிறமாக இருக்க வேண்டும். 2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் தெருவிளக்குகள் 3,000 கெல்வினுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்றது. உங்கள் முன்வரிசைக்கு 4,000 தேவை என்றால் அதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்க ஸ்டாக் யார்டில் இரவு ஒரு மணிக்கு நிறம் பார்க்கப் போவது யார்? அங்கே 3,000 போதும்.

வெளிச்சம் கூடினால் குற்றம் குறையும் என்பதற்கும் ஒரே பதில் இல்லை. 2016-இல் நியூயார்க்கின் பொதுக் குடியிருப்புகளில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த இடங்களில் விளக்குக் கோபுரங்களை வைத்துப் பார்த்தார்கள். இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுமையான குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிகளின் தரவுகளை வைத்து 2015-இல் வெளியான ஆய்வில், தெருவிளக்கை மங்கவைத்ததாலோ நள்ளிரவுக்குப் பின் அணைத்ததாலோ குற்றம் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை.

#8 காவல்கண்

நீங்கள் சொன்ன இரண்டாவது ஆய்வு தெருக்களைப் பற்றியது சார். பூட்டிய யார்டில் 180 வண்டிகள் நிற்பது வேறு நிலைமை, இங்கே திருடன் குறிவைத்து வருகிறான். முழுக்க அணைப்பதை நான் ஏற்கமாட்டேன். மங்கவைப்பதும் வேலிக்குள் அடக்குவதும் எனக்கும் சரி. உங்கள் அம்மா அறைக்குள் விழுகிற ஒளி என் கேமராவுக்கு எந்த உதவியும் செய்வதில்லை, அது எனக்கும் நஷ்டம்தான்.

#9 விண்மீன்நேரம்

அணைக்கச் சொல்லவில்லை. இதுவரை நான் பேசியவர்களில் ஒரு பாதுகாப்புக்காரர் இப்படிச் சொல்வது இதுவே முதல் முறை. நன்றி.

#10 பழையசோக்

ஒரு எச்சரிக்கை மட்டும். செலவைக் குறைக்கிறேன் என்று பழைய ஃபிட்டிங்குக்குள்ளேயே மாட்டுகிற சோளக்கதிர் வடிவ எல்இடி விளக்குகளை வாங்கினோம். 8 மாதத்தில் பாதி போய்விட்டது. வெளிச்சமும் கம்பத்தடியில் மட்டும் குவிந்தது.

#11 கம்பத்தடி

அது அப்படித்தான் ஆகும். பழைய ஃபிட்டிங்கின் ரிஃப்ளெக்டர் நடுவில் ஒரு சிறு ஒளிப்புள்ளி இருக்கும் என்று கணக்கிட்டுச் செய்தது. நீளமான கதிரை உள்ளே வைத்தால் ஒளி போகிற திசையெல்லாம் மாறிவிடும். அதோடு எல்இடிக்குச் சூடு வெளியே போக வழி வேண்டும். மூடிய பெட்டிக்குள் டிரைவரின் கெப்பாசிட்டர் வெந்துபோகும். சூடு 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் சொல்கிற கணக்கு.

முற்றவெளித் தம்பி, இன்னும் சில விஷயங்கள். ஆயுள் 1,00,000 மணிநேரம் என்று எழுதியிருந்தால் எல்இடி எவ்வளவு மங்குகிறது என்று பார்க்கும் எல்எம்-80 சோதனை எத்தனை மணிநேரம் நடந்தது என்று கேளுங்கள். அதிலிருந்து கணக்கிடும் டிஎம்-21 முறையில் சோதித்த நேரத்தைப் போல 6 மடங்குக்கு மேல் சொல்ல அனுமதி இல்லை. 6,000 மணிநேரம் சோதித்தவர் 36,000 தான் சொல்லலாம். 10,000 சோதித்தவர் 60,000 சொல்லலாம், அதுவே உங்களுக்கு 13 வருடத்துக்கு மேல் வரும். அதுவும் எல்இடி சில்லுக்கு மட்டும். களத்தில் முதலில் போவது டிரைவர். அதைக் கழற்றி மாற்ற முடிகிற ஃபிட்டிங்கா என்று பாருங்கள். உத்தரவாதத்தில் லிஃப்ட் வாடகை யார் தலையில் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

மின்னல், சர்ஜ் என்கிற திடீர் வோல்டேஜ் ஏற்றம். 9 மீட்டர் இரும்புக் கம்பம் திறந்தவெளியில் நிற்கிறது. 10 கிலோவோல்ட் தாங்கும் சர்ஜ் பாதுகாப்பு ஒவ்வொரு ஃபிட்டிங்கிலும், மெயின் போர்டில் தனியாக ஒன்று. எர்த் சரியில்லாமல் சர்ஜ் பாதுகாப்பு வேலை செய்யாது, அதையும் அளக்க வேண்டும். மூன்று ஃபேஸில் பிரித்திருந்தால் நியூட்ரல் இணைப்புகளைப் பிரித்துச் சுத்தம் செய்து இறுக்குங்கள். நியூட்ரல் விட்டுப்போனால் இரண்டு ஃபேஸுக்கு நடுவே உள்ள வோல்டேஜ் டிரைவர் மேல் பாயும். ஒரே இரவில் ஒரு யார்டில் 9 டிரைவர் போனதை நானே மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

மின்னோட்டம் மீறினால் தானாக அணையும் எம்சிபியும் பாருங்கள். ஓடும் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும், அதனால் கேபிள் போதும். ஆனால் எல்இடி டிரைவர்கள் போட்ட நொடியில் ஒரு இழுப்பு இழுக்கும். எல்லாம் கான்டாக்டர் என்கிற ஒரே பெரிய சுவிட்சில் சேர்ந்து எரிந்தால் எம்சிபி விழும். இரண்டு மூன்று பகுதியாக, சில நொடி இடைவெளியில் போடுங்கள்.

அப்புறம் கம்பம். அடியில் மண் மூடியிருக்கிறதா? தோண்டிப் பாருங்கள். கம்பத்தை அடித்தளத்தோடு பிடித்திருக்கும் ஆங்கர் போல்ட்டில்தான் துரு தொடங்கும். புதிய ஃபிட்டிங்கின் எடையும் காற்றை எதிர்க்கும் பரப்பும் பழையதை விடக் கூடுதலா என்று ஒப்பிடாமல் மேலே எதையும் ஏற்ற வேண்டாம். வண்டிகளுக்கு நடுவே கம்பம் சாய்ந்தால் சேமிப்புக் கணக்கெல்லாம் அன்றே முடிந்துவிடும்.

#12 முற்றவெளி

அளந்துவிட்டேன். இரண்டு இரவு ஆனது. நானும் காவல்காரரும் சேர்ந்துதான் செய்தோம். அவர் மீட்டரைப் பிடிக்க நான் எழுதினேன்.

முன்வரிசையில் தரையில் அதிகபட்சம் 420 லக்ஸ். நடு யார்டில் 40 முதல் 90. பின் யார்டில் பெரும்பாலான இடத்தில் 3 முதல் 8. வேன்கள் நின்ற இடத்தில், இரண்டு வேனுக்கு நடுவே, தரையில் 0.4. எல்லா விளக்கும் எரியும்போது!

கால் மணி நேர இருட்டுதான் காரணம் என்று இதுவரை நினைத்திருந்தேன். அந்த இடம் எல்லா இரவும் இருட்டாகத்தான் இருந்திருக்கிறது. காவல்காரர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு "இங்கே எனக்கு ஒன்றுமே தெரியாது, டார்ச் அடித்துத்தான் பார்ப்பேன் என்று முன்பே சொல்லியிருக்கிறேன்" என்றார். சொல்லியிருக்கிறார். நான்தான் முன்வரிசையின் பளபளப்பைப் பார்த்து யார்டு முழுக்க வெளிச்சம் என்று நம்பிவிட்டேன்.

கம்பங்களின் இடத்தைக் காகிதத்தில் வரைந்து பார்த்தேன். 24-இல் 15 ஃபிட்டிங் முன்பக்கம் இருக்கிறது.

#13 கம்பத்தடி

இந்த ஒரு பதிவுக்காகத்தான் அளக்கச் சொன்னேன். இப்போது அந்த விலைப்பட்டியலை இதோடு வைத்துப் பாருங்கள். ஒன்றுக்கு ஒன்று மாற்றி எல்லாம் இரண்டு மடங்கு ஆகியிருந்தால் முன்னால் 840, வேன்களுக்கு நடுவே 0.8. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இருந்திருக்காது. சொல்லப்போனால் நிலைமை மோசமாகியிருக்கும். 840 லக்ஸைப் பார்த்துவிட்டுத் திரும்பும் காவல்காரரின் கண் இருட்டுக்குப் பழகப் பல நிமிடம் ஆகும்.

ஒப்பிட ஒரு அளவு வேண்டும் என்றால், வாகன நிறுத்துமிடங்களுக்கு ஐஇஎஸ் 1998-இல் கொடுத்த பரிந்துரையில், பாதுகாப்பு கூடுதலாக வேண்டிய இடத்தில் தரையில் மிகக் குறைந்த புள்ளியே 5 லக்ஸ், 1.5 மீட்டர் உயரத்தில் நிமிர்ந்த பரப்பில் 2.5 லக்ஸ், மிக அதிகத்துக்கும் மிகக் குறைவுக்கும் விகிதம் 15-க்கு 1. உங்களுடையது 420-க்கு 0.4, அதாவது ஆயிரத்துக்கு மேல். முன்வரிசை காட்சிக்கான இடம், அதைத் தனியாக வையுங்கள். நடு யார்டையும் பின் யார்டையும் எடுத்தால்கூட 90-க்கு 0.4.

முன்வரிசையில் ஃபிட்டிங்குகளைக் குறைத்து, ஒளியை முன்னோக்கித் தள்ளும் லென்ஸ் போட்டு, தெருப்பக்கம் மறைப்பு வையுங்கள். மிச்சமாகிற ஃபிட்டிங்குகளைப் பின்னால் கொண்டுபோங்கள். பின் யார்டில் உயரமான கம்பம் ஒன்றைவிட 6 மீட்டரில் இரண்டு, எதிரெதிர் திசையில். ஒரே பக்கத்திலிருந்து வரும் ஒளி உயரமான வண்டிக்கு அந்தப் பக்கம் கட்டாயம் நிழல் போடும். விற்பவரிடம் உங்கள் யார்டு வரைபடத்தைக் கொடுத்து, வேன்களையும் வரைந்த கணினிக் கணக்கீடு கேளுங்கள். வெறும் காலி மைதானத்துக்குக் கணக்குப் போட்டுத் தந்தால் வாங்காதீர்கள்.

#14 காவல்கண்

விளக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே வேன்களை இடம் மாற்றுங்கள். கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால்தான் அதை அறுக்கிறார்கள். ஜாக்கி வைக்காமல் கீழே நுழைய முடிகிற உயரமான வண்டிதான் அவர்களுக்கு வசதி, பேட்டரி ரம்பம் இருந்தால் ஓரிரு நிமிட வேலை. வேன்களைச் சுற்றி உயரம் குறைந்த கார்களை நெருக்கி நிறுத்துங்கள். ஆபீஸ் சன்னலிலிருந்து தெரிகிற வரிசைக்குக் கொண்டுவாருங்கள்.

சென்சார் பற்றி: உடல் சூட்டை உணரும் சாதாரண சென்சார்கள் 9 மீட்டர் உயரத்திலிருந்து சரியாக வேலை செய்யாமல் போகலாம். வாங்கும்போது எத்தனை மீட்டர் உயரத்துக்கு என்று கேளுங்கள். மைக்ரோவேவ் வகை தூரம் எட்டும், ஆனால் காற்றில் ஆடும் கிளைக்கும் வேலிக்கு வெளியே போகும் லாரிக்கும் விளக்கைக் கூட்டும். நாலு நாள் அப்படி நடந்தால் காவல்காரர் பார்ப்பதையே நிறுத்திவிடுவார். கேமராவிலேயே கோடு வரைந்து, ஆள் அதைத் தாண்டினால் விளக்குக்குச் சிக்னல் கொடுக்கிற வழியும் இருக்கிறது. உங்கள் பின் யார்டுக்கு நான் அதைத்தான் செய்வேன். ஒரு கம்பம் மட்டும் கூடக்கூடாது, அந்தப் பகுதி முழுவதும் சேர்ந்து கூட வேண்டும்.

#15 முற்றவெளி

வேன்களை அன்றே மாற்றிவிட்டோம். மற்ற வேலைகள் நடந்த விவரம் இதோ, ஏழு வாரம் ஆகிவிட்டது.

முதலாளியிடம் அளவுத்தாளைக் கொடுத்தேன். 420, 0.4 இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் இரவு பத்து மணிக்கு என்னோடு பின் யார்டுக்கு வந்து அந்த இடத்தில் நின்றார். விலைப்பட்டியலைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்.

முழுவதையும் ஒரே தடவையில் மாற்றாமல் பின் யார்டை மட்டும் முதலில் செய்தோம். ஒளி ஒரே பக்கம் கொட்டாமல் நீள்வட்டமாகப் பரவும் லென்ஸ், 3,000 கெல்வின், 6 மீட்டர் உயரம், ஒவ்வொன்றும் 120 வாட், மொத்தம் 10. தரையில் இப்போது முழு வெளிச்சத்தில் மிகக் குறைவு 7 லக்ஸ், மிக அதிகம் 61. பூட்டிய பிறகு 40 சதவீதத்தில் வைத்திருக்கிறோம். 30-இல் ஒரு கேமரா கறுப்பு வெள்ளைக்கும் வண்ணத்துக்கும் மாறிக்கொண்டே இருந்தது, காவல்கண் சொன்னது அப்படியே நடந்தது. 40-இல் நின்றுவிட்டது.

கேமரா அமைத்தவரையும் அதே இரவு வரவழைத்தோம். காவல்காரர் தொப்பி போட்டுக்கொண்டு வேன் வரிசையில் நடந்தார், நாங்கள் திரையில் பார்த்தோம். மூன்று இடத்தில் முகம் தெரிந்தது, ஒரு இடத்தில் தெரியவில்லை. அங்கே கேமராவைத் தாழ்த்தி மாட்டினோம்.

விண்மீன்நேரம் எழுதியதைப் படித்த பிறகு வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கும் வீட்டுக்குப் போனேன். எட்டு வருடமாக அங்கே இருக்கிறார்கள், இதுவரை யாரும் போய்க் கேட்டதில்லை. பழைய விளக்கு அவர்களுடைய குழந்தைகள் தூங்கும் அறையில் விழுந்திருக்கிறது. இப்போது பின்மறைப்பு போட்டதில் வேலியருகே அவர்கள் பக்கம் 1 லக்ஸுக்கும் கீழே. மாடிச் சன்னலில் மட்டும் ஒரு ஃபிட்டிங் நேராகத் தெரிகிறது. அதற்கு இன்னொரு மறைப்பு சொல்லியிருக்கிறேன்.

#16 விண்மீன்நேரம்

இதை அச்செடுத்து எங்கள் பக்கத்து ஷோரூமுக்குக் கொண்டுபோகிறேன், அனுமதி உண்டா?

#17 முற்றவெளி

தாராளமாக. அளவுத்தாளின் வெற்றுப் படிவமும் அனுப்புகிறேன், அவர்களே அளந்து பார்க்கட்டும்.

#18 கணக்குப்புள்ளி

பின் யார்டு முன்பு எத்தனை ஃபிட்டிங்? அதைச் சொன்னால் சேமிப்பைப் போட்டுத் தருகிறேன்.

#19 முற்றவெளி

முன்பு 4. அதாவது 4,320 வாட். இப்போது 10 இருந்தும் முழு வெளிச்சத்தில் 1,200 வாட்தான்.

#20 கணக்குப்புள்ளி

அப்படியென்றால் வருடத்துக்கு 18,922 யூனிட் ஆனது. இப்போது 5 மணிநேரம் முழுதும் 7 மணிநேரம் 40 சதவீதமும் என்றால் ஏறக்குறைய 3,416 யூனிட். விளக்குகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது, இருட்டு போயிருக்கிறது, மின்சாரம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. முன்வரிசைக்கு இதே கணக்கை எதிர்பார்க்காதீர்கள், அங்கே காட்சிக்கு வெளிச்சம் வேண்டும். சேமிப்பு வரும், ஆனால் இவ்வளவு வராது.

#21 கம்பத்தடி

நல்ல வேலை தம்பி. முன்பக்கம் தொடங்கும் முன் இன்சுலேஷனை உயர் வோல்டேஜில் சோதிக்கும் மெகர் வைத்துப் பழைய கேபிளைப் பார்த்தீர்களா? 12 வருடம் மண்ணுக்குள் கிடக்கிறது. புது ஃபிட்டிங்கை மாட்டிய பிறகு மெகர் போடக்கூடாது, டிரைவர் போய்விடும். கழற்றி வைத்திருக்கும் இந்தச் சமயம்தான் அதற்கு.

#22 முற்றவெளி

பார்த்தோம் அண்ணா. 11-ஆம் கம்பத்துக்கும் 12-ஆம் கம்பத்துக்கும் நடுவே இன்சுலேஷன் மிகக் குறைவாகக் காட்டுகிறது. 11-இன் அடியில் மண்ணை எடுத்தால் ஒரு ஆங்கர் போல்ட்டின் நட்டு கையிலேயே உதிர்கிறது. அந்த இரண்டு கம்பத்தையும் சுற்றி இருந்த வண்டிகளை நகர்த்திவிட்டோம். நாளை காலை தோண்டுகிறார்கள், படம் எடுத்துப் போடுகிறேன்.